கருவிக் கோளாறு

பயண நாள் 48 | காலை 08:15

கலம்: நீரோடி. பணியாளர்: ஒருவர். பெயர்: வயலட் ஞானசிகாமணி. துறை: லேசர்–பிளாஸ்மா இயற்பியல். வயது 58. மூட்டுவலி தவிர வேறு குறை இல்லை.

வேகம் விநாடிக்கு 120 கி.மீ. இயந்திரம் அணைந்த நிலையில். லென்ஸ்கள் இருபத்துநான்கும் சுத்தம். காற்று, நீர், மின்சாரம் சரி. நாளை காலை ஆறு மணிக்கு வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு நாளில் காலிஸ்டோ.

இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுப்பவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்று விதி. கண்டெடுக்கப் போவது என் மகள் பெனிலாதான். அவளுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் விதி விதிதான், எழுதுகிறேன்.

வியாழனின் நிலவான காலிஸ்டோவில் ஒரு நிலையம் இருக்கிறது. அதில் ஒன்பது பேர். இரண்டு மாதத்துக்கு முன் அவர்களுக்கு மின்சாரம் தந்த மின்னுலை எரிந்துவிட்டது. கையிருப்பு மின்கலங்களில் ஒரே அறைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். அது என்னுடைய 64-ஆம் நாள் வரைதான் தாங்கும். பெனிலா அங்கே மின்பொறியாளர். விளக்கு எரிகிறதா, ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எட்டுப் பேரின் பொறுப்பு அவள் தலையில். செவ்வாய்ப் பாதையில் சும்மா நின்றுகொண்டிருந்த இந்தச் சோதனைக் கலத்தில் ஒரே ஒரு இருக்கை. லேசர் தெரிந்தவர் யாராவது மாற்று மின்னுலையை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். மற்றவர்கள் தூக்குவதற்குள் தூக்கிவிட்டேன் என்பதே உண்மை.

கலம் ஓடும் விதம் எளிது. கடுகளவு எரிபொருள் குளிகை ஒன்று அறைக்குள் விழும். இருபத்துநான்கு லேசர் கற்றைகள் எல்லாப் பக்கமிருந்தும் அதை ஒரே கணத்தில் அமுக்கும். உள்ளே அணுக்கரு இணைவு. வெடிப்பைக் காந்தப் புனல் ஒரு பக்கமாகத் தள்ளும். விநாடிக்குப் பத்துக் குளிகை. லேசர் பட்டவுடன் குளிகையின் தோல் ஆவியாகிப் பிளாஸ்மாவாகும். அந்தப் பிளாஸ்மாவோடுதான் என் முப்பது வருடக் குடித்தனம்.

அதன் குணம் இது. மிதமான ஒளியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ஒளி மிகக் கடுமையானால் பிளாஸ்மாவுக்குள் ஒலியலை போல ஓர் அலை எழும். அந்த அலையே கண்ணாடியாகி, வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். இதைத் திரும்பொளி என்போம். அது கூடினால் குளிகைக்குப் போக வேண்டிய ஒளி குறையும், திரும்பி வந்த ஒளி நம் லென்ஸையே சுடும். எவ்வளவு கடுமைக்கு எவ்வளவு திரும்பும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வளைகோடு உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் ஆறு சதவீதத்தைத் தாண்டாது என்று அது சொல்கிறது. அதற்கு ஞானசிகாமணி கோடு என்று பெயர். ஆம், என் பெயர்தான்.

இந்தப் பயணமே அந்தக் கோட்டை நம்பித்தான். நாட்களை மிச்சப்படுத்த வேகமாக வந்து, கடைசியில் அழுத்திப் பிடித்து நிறுத்தும் திட்டம். அந்தக் கடுமையில் இந்தக் கலம் இதுவரை ஓடியதில்லை.

08:40. செய்தி. தாமதம் நான்கு நிமிடம். "அம்மா, கருப்பட்டி மிட்டாய் எடுத்து வச்சீங்களா, இல்ல லென்ஸ் துடைக்குற துணிய மட்டும் மூட்ட கட்டிக்கிட்டு வாரீங்களா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கொஞ்சம் குளிருது, அவ்ளோதான்."

சரக்குப் பெட்டியில் இரண்டு கிலோ இருக்கிறது. சொல்லவில்லை. வந்து பார்த்துக்கொள்ளட்டும்.


பயண நாள் 49 | காலை 06:00

கலம் திருப்பப்பட்டது. இயந்திரம் காலிஸ்டோவை நோக்கி. முழுக் கடுமை. முதல் குளிகை வெடித்தது. உடம்பில் எடை வந்தது.

06:04. திரும்பொளி 5%. கோடு சொன்னபடி.

06:20. 11%.

06:45. 24%.

07:10. 31%. குளிகை அறை சூடேறச் சூடேறப் பிளாஸ்மா தடிக்கிறது. அளவு காட்டும் கருவியை மாற்றிப் பார்த்தேன். மாற்றுக் கருவியும் 31 என்றது.


பயண நாள் 49 | பிற்பகல் 14:00

ஏழாவது லென்ஸில் கருகல். கடுகு வெடித்தது போல ஒரு குழி. பதினொன்றாவதிலும் தொடங்கிவிட்டது. ஒரு கற்றை செத்தால் அதன் எதிர்க்கற்றையையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் குளிகை ஒரு பக்கமாகப் பிதுங்கிவிடும். இப்போது இருபது கற்றைகள்.

காரணம் தெரியவில்லை. ஆராய்கிறேன்.


பயண நாள் 50 | காலை 06:05

இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். கற்றைகள் பதினாறு. ஒரு நாளில் விநாடிக்குப் பத்துக் கிலோமீட்டர் குறைந்திருக்க வேண்டும், ஏழுதான் குறைந்தது. வேகம் 113. தூரம் ஐந்து கோடியே இருபது லட்சம் கி.மீ. இதே கடுமையில் ஓட்டினால் மாலைக்குள் ஒரு லென்ஸும் மிஞ்சாது. ஒளியைத் தணித்தால் திரும்பொளி 3 சதவீதத்துக்கு இறங்குகிறது, லென்ஸ் பிழைக்கிறது. ஆனால் தள்ளுவிசை அறுபது சதவீதம்தான். நிற்காது. காலிஸ்டோவைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

காரணம் தெரியவில்லை என்று நேற்று எழுதினேன். பொய். 31 என்ற எண்ணைப் பார்த்த நொடியிலேயே தெரிந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் நாளொன்றுக்கு ஒரு ஷாட். ஒரு ஷாட் என்றால் ஒரு குளிகை, ஒரு வெடிப்பு, ஒரு புள்ளி. அப்படி 240 புள்ளிகள் எடுத்துத்தான் அந்தக் கோட்டை வரைந்தேன். 217-வது ஷாட்டில் ஒளியை மிக உயரே ஏற்றிப் பார்த்தோம். திரும்பொளி 38%. மற்ற புள்ளிகள் எல்லாம் கீழே அடக்கமாக இருக்க, அது மட்டும் தாளின் உச்சியில் தனியாக நின்றது.

அளவீட்டுக் கருவியைப் பார்த்துக்கொண்டவர் பாக்கியமுத்து அண்ணன். மூன்று முறை கழற்றிப் பார்த்துவிட்டு, "கருவி சுத்தமா இருக்கு மேடம். நம்ம கணக்குதான் எங்கயோ உதைக்குது" என்றார். லேசரை மறுபடி அந்த உயரத்துக்குத் தயார்செய்து ஷாட் வைத்துப் பார்க்க மூன்று வாரம் ஆகும். அன்று பெனிலாவுக்குக் கடும் காய்ச்சல். ஒன்பது வயதுப் பிள்ளை, வீட்டில் தனியாக. நான் நோட்டில் 217-ஐச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'கருவிக் கோளாறு, சேர்க்க வேண்டாம்' என்று எழுதிவிட்டு ஓடினேன்.

அப்படித்தான் 239 புள்ளிகளில் என் பெயர் புகழ்பெற்றது.


பயண நாள் 50 | காலை 06:50

கணக்கு. கலத்தின் மொத்த எடை 61 டன். அதில் நான் இருக்கும் அறையும் அதைச் சுற்றிய கதிர்வீச்சுக் கவசமும் 27 டன். இந்த அறையைக் கழற்றிவிட்டால் மிச்சம் 34. அறுபது சதவீதத் தள்ளுவிசை அதற்குப் போதும். இயந்திரமும் சரக்கும் தாமாகவே வேகம் தணிந்து 61-ஆம் நாள் காலையில் காலிஸ்டோவில் நிற்கும். மின்னுலை, ஆக்சிஜன், உணவு, எல்லாம் அதில்தான்.

08:40-க்குள் கழற்றினால்தான். அதற்குப் பின் தூரம் போதாது.

நான் சரக்கோடு போக முடியுமா? கவசம் இல்லாமல் அந்த இயந்திரத்தின் அருகில் இரண்டு மணி நேரம் உயிரோடு இருக்கலாம். அது பத்து நாளுக்கு மேல் எரிய வேண்டும். முடியாது. என்னைப் பிடிக்க வேறு கலம் உண்டா? கிடையாது.

பெனிலாவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். 217-ஐ மட்டும் சொல்லவில்லை.

07:02. "வேண்டாம்மா. லென்ஸ மாத்துங்க. குளிகைய பெரிசாக்கிப் பாருங்க. வேற என்னவாச்சும் பாருங்க. நாங்க ஒம்பது பேரு, நீங்க ஒருத்தின்னு கணக்கு போடாதீங்க."

07:04. நான் அனுப்பியது: "ஏட்டி, அந்தக் கணக்கெல்லாம் இல்ல. நீ அங்க இருக்க. அவ்ளோதான்."

அதுதான் நிஜம். தியாகம் கியாகம் என்று யாரும் பின்னால் எழுதிவிட வேண்டாம். அந்த எட்டுப் பேரில் நான்கு பேரின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. பெனிலா அங்கே இல்லாவிட்டால் இன்னும் ஆயிரம் வழி யோசித்து நேரத்தைக் கடத்தியிருப்பேன்.

07:11. "சரக்க இறக்கிட்டு அதே இயந்திரத்துல நாங்க ஒங்களப் பிடிக்க வாரோம்."

எரிபொருள் நிற்பதற்கே சரியாக இருக்கும் என்று எண்களை அனுப்பினேன். நான் தவறாகப் போட்டிருப்பேன் என்று அவள் மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறாள். நான்கு முறை போட்டாளாம். நான்கு முறையும் அதே விடை.

08:19. அவள் செய்தி. மூச்சு மட்டும். பின்னால் யாரோ இருமுகிறார்கள்.


பயண நாள் 50 | காலை 08:31

அறை கழன்றது. அவ்வளவு பெரிய கலம் ஒரு தட்டுச் சத்தத்தோடு பிரிந்தது. எனக்கு ஏதோ பெரிதாக இருக்கும் என்ற நினைப்பு.

இயந்திரத்தின் வெடிப்பு முன்பக்கம் பீய்ச்சும். அதன் வழியில் நிற்காமல் வாயுக் குழல்களால் பக்கவாட்டில் ஒதுங்கினேன்.

08:38. இயந்திரம் தானாக எரியத் தொடங்கியது. பதினாறு கற்றைகள். திரும்பொளி 3%. நல்ல பிள்ளை.


பயண நாள் 51 | காலை 09:30

இயந்திரம் எனக்குப் பின்னால் தங்கிக்கொண்டே வருகிறது. சிறு ஜன்னல் வழியே நீலப் பொட்டாகத் தெரிகிறது. அரை மணிக்கொரு தடவை தன் அளவுகளை அனுப்புகிறது. திரும்பொளி 3, 3, 2.9, 3. இதைவிட இனிமையான செய்தியை என் வாழ்நாளில் படித்ததில்லை.

இந்த அறைக்கு இனி மின்கலம் மட்டும். காற்று இருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய மின்சாரம் வேண்டும். சிக்கனமாக இருந்தால் 60-ஆம் நாள் விடியும் வரை. இயந்திரம் காலிஸ்டோவை அடைவது 61 காலை. ஒரு நாள் இடிக்கிறது. ஹீட்டரை அணைத்து, விளக்கை அணைத்து, எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு நாளை எட்ட முடியவில்லை.

55-ஆம் நாள் மாலையில் நான் காலிஸ்டோவைக் கடப்பேன். இயந்திரத்துக்கு ஐந்து நாள் முன்பாக.

ஒரு திருத்தம். நேற்று எழுதியதில் காய்ச்சல் என்று ஒரு வரி இருக்கிறது. இரவெல்லாம் அது குத்திக்கொண்டே இருந்தது. அன்று பெனிலாவுக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் வந்தது அதற்கடுத்த மாதம். அன்று அவள் பள்ளிக்குப் போயிருந்தாள், சந்தோஷமாகவே இருந்தாள். அடுத்த திங்களன்று மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. என் கோடு அழகாக இருந்தது. 217 அதைக் கெடுத்தது. அதனால் அடித்தேன். பிள்ளையின் காய்ச்சலை நான் எப்போது காரணமாகச் சேர்த்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பல வருடம் அதை நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

பாக்கியமுத்து அண்ணனுக்கு அந்த வருடம் கவனக்குறைவு என்று ஒரு குறிப்பாணை கொடுத்தார்கள். கருவி கோளாறானால் யாராவது பொறுப்பாக வேண்டுமே. வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஓய்வு பெறும் நாளில் எனக்கு ஒரு பேனா கொடுத்தார். சிவப்பு மைப் பேனா இல்லை, கறுப்புதான். ஆனாலும் எனக்கு அதைத் திறக்கவே மனம் வரவில்லை.


பயண நாள் 53 | காலை 10:00

ஹீட்டர் அரை அளவில். உள்ளே ஒன்பது டிகிரி. நான் தென்பக்கத்துக்காரி, இருபத்தைந்துக்குக் கீழே போனாலே கம்பளி தேடுகிறவள். இரண்டு உடுப்பு போட்டிருக்கிறேன்.

தாமதம் ஒன்றேகால் நிமிடம். பெனிலாவும் நானும் வேலை மட்டும் பேசுகிறோம். எந்த வால்வை முதலில் திறப்பது, பதினாறு கற்றையில் எதெது ஜோடி. அவள் கேள்விகள் சுத்தமாக இருக்கின்றன. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகப் படித்தது.

இயந்திரம்: திரும்பொளி 3%. லென்ஸ் 16-ம் நலம்.

மின்கல அளவை அவளுக்கு அனுப்பும் கருவியை இன்று அணைத்துவிட்டேன். 60-ஆம் நாளோடு தீரும் என்று காட்டும் எண் அவள் திரையில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். அவள் கவனம் சிதறாமல் வேலை செய்ய வேண்டும். எட்டுப் பேர் அவளை நம்பி இருக்கிறார்கள். அவளை நம்பி நானும் இருக்கிறேன்.


பயண நாள் 55 | மாலை 17:05

இப்போது எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதினால் எதையாவது அழகுபடுத்திவிடுவேன்.

இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு விநாடிக்குக் குறைவான தாமதத்தில் பேசக் கிடைத்தது நாற்பத்துநான்கு நிமிடம். மிக நெருங்கியபோது தூரம் பதினெட்டாயிரம் கி.மீ. ஏழு வருடத்துக்குப் பிறகு, ஒரே அறையில் இருப்பதுபோல் பேசினோம்.

முதல் பன்னிரண்டு நிமிடத்தை வீணாக்கினோம். லென்ஸ், வால்வு, ஜோடி. இரண்டு பேருக்கும் வேறு எதைத் தொடுவது என்று தெரியவில்லை. பிறகு அவள் என் மூட்டுவலியைக் கேட்டாள். எடை இல்லாத இடத்தில் ஏது மூட்டுவலி என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாமதமில்லாமல் வந்தது.

இந்த அறையில் இலக்கைக் குறிபார்க்கும் சின்னப் பச்சை லேசர் ஒன்று உண்டு. சுடாது, வலுவில்லாதது. நிலையத்தின்மேல் பூட்டி எரியவிட்டேன். அவளை ஜன்னலுக்குப் போகச் சொன்னேன்.

"தெரியுதும்மா. பச்சையா, குட்டியா. ஓடுது. நிக்க மாட்டேங்குது."

முப்பது வருடமாக நான் அனுப்பிய ஒளியெல்லாம் எவ்வளவு திரும்பி வந்தது என்று அளந்தே பிழைத்தேன். இது திரும்பவில்லை. என் மகள் கண்ணில் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் சொன்னேன். 217-ஐ, சிவப்பு மையை, மதிப்பீட்டுக் குழுவை, பாக்கியமுத்து அண்ணனை. காய்ச்சல் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டதையும். உன்னை இந்த நிலையில் வைத்தது உன் அம்மாவின் கைதான் என்று சொன்னேன்.

அவள் சொன்னது:

"தெரியும்மா. காலேஜ்ல ரெண்டாம் வருசம் படிக்கையில ஒங்க நோட்ட எடுத்துப் பாத்தேன். நீங்க அடிக்குற கோடெல்லாம் ஒத்தக் கோடா, நேரா இருக்கும். 217 மட்டும் ரெண்டு தடவ அடிச்சிருந்துச்சு. பேனா தாளக் கிழிச்சிருந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க சின்னதாப் போயிருவீங்கன்னு தோணிச்சு. எனக்கு அப்ப ஒங்களத் தவிர யாரு இருந்தா? அப்பொறம் எல்லாரும் அந்தக் கோட்ட வச்சே எல்லாம் கட்டிட்டாங்க. இனிமே கேட்டு என்னன்னு விட்டுட்டேன். நானுந்தாம்மா."

நானுந்தாம்மா. அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் பிழையைப் பாதியாக வெட்டித் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா? அதுவும் தெரியாது. அந்த வயதில் அவளைக் கத்தி அடக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

கடைசியாக அவள் கேட்டாள்: "மின்கலம் எத்தன நாளைக்கும்மா வரும்? ரெண்டு நாளா அளவே வரல."

"இன்னும் ஏழு நாளைக்கு வரும். 62 வரைக்கும். அளவு வராதது கருவிக் கோளாறு."

அரை விநாடி போதும் பதில் வர. ஆறு விநாடி ஆயிற்று.

"சரிம்மா."



16:58-க்குத் தாமதம் கூடத் தொடங்கியது. நான் பேசும்போது அவள் முந்தைய பேச்சு குறுக்கே வந்தது. இரண்டு பேரும் நிறுத்தி, இரண்டு பேரும் தொடங்கி, மறுபடி நிறுத்தி. பச்சை விளக்கு இப்போது தெரியவில்லை என்றாள். அணைத்துவிட்டேன்.


பயண நாள் 57 | காலை 11:20

உள்ளே நான்கு டிகிரி. தலைவலி. காற்று கனக்கிறது.

இயந்திரத்தின் நீலப் பொட்டு இனிக் கண்ணுக்குத் தெரியாது. அளவுகள் மட்டும் வருகின்றன. திரும்பொளி 3%. வேகம் 38. சரியான பாதை. இன்னும் மூன்றரை நாள் அது எரிய வேண்டும். ஒரு லென்ஸ் போனாலும் ஜோடியோடு போய்விடும், பதினான்கால் நிற்காது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாள் இல்லை.

பெனிலா காலையும் மாலையும் பேசுகிறாள். என்ன சமைத்தார்கள், யார் யாரோடு சண்டை. மின்கலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் 62-க்கு மேல் என்ன செய்யலாம் என்று பெரிய திட்டம் போல் பேசுகிறேன். நன்றாக நடிக்கிறோம்.


பயண நாள் 59 | காலை 08:00

கை மரத்துவிட்டது. பிழைகளைப் பொறுக்கவும்.

பாக்கியமுத்து அண்ணன் கொடுத்த பேனாவைத் திறந்தேன். எழுதுகிறது. குறிப்பேட்டின் கடைசித் தாளில் கோட்டை மறுபடி வரைந்தேன், நினைவிலிருந்து. 240 புள்ளி. இப்போதைய இயந்திரப் புள்ளிகளை வைக்கக் கண் இருட்டுகிறது. அதை யாராவது

திருத்தம், ஷாட் 217. திரும்பொளி 38%. கருவி சரி. பாக்கியமுத்து சரி. அடித்தது நான். வ. ஞானசிகாமணி.

இயந்திரம் 3%. இன்னும் எரிகிறது. லென்ஸ் 16.

14:30. பெனிலா பேசினாள். செய்தியை இரண்டு முறை போட்டுக் கேட்டேன். மிட்டாய் எங்கே வைத்தீர்கள் என்கிறாள். மூன்றாவது பெட்டி, இடது பக்கம், லென்ஸ் துணிக்கு அடியில் என்று சொன்னேன். சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நாளைக்குக் காலையில் அவளிடம் கேட்க வேண்டும், அவள் சின்னவளாக இருக்கும்போது ஒரு தடவை என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு


பயண நாள் 60 | காலை 04:12 | தானியங்கிப் பதிவு

அறை மின்கலம்: 0%. காற்றுச் சுத்திகரிப்பு: நின்றது. பணியாளர் பதில்: இல்லை. பதிவுப் பெட்டி தன் மின்கலத்தில் இயங்குகிறது.


பயண நாள் 61 | மாலை 18:50 | தானியங்கிப் பதிவு

செய்தி பெறப்பட்டது. அனுப்பியவர்: பெனிலா, காலிஸ்டோ நிலையம். தாமதம்: 3 நிமிடம். குரல், எழுத்தாக மாற்றப்பட்டது:

"அம்மா, இயந்திரம் வந்துட்டு. நின்னுட்டு. பதினாறு லென்சும் முழுசா இருக்கு. உலைய மாட்டியாச்சு, ஹீட்டர் ஓடுது, எல்லாரும் ஹீட்டர் முன்னால போய் உக்காந்துட்டாங்க. நான் மட்டும் இங்க இருக்கேன்.

இயந்திரம் வழியெல்லாம் எடுத்த அளவ எறக்கிப் பாத்தேன். நீங்க முழுக் கடுமையில ஓட்டுன அந்த ஒரு நாளையும் சேத்து. எல்லாப் புள்ளியவும் ஒரே தாள்ல வச்சு, கோடு போட்டேன். 217 அந்தக் கோட்டு மேலயே உக்காந்திருக்கும்மா. ஒரு மயிரிழ வெலகல. பாக்கியமுத்து மாமா வீட்டுக்கு நான் எழுதுதேன்.

மிட்டாய் கெடச்சுது. லென்ஸ் துணிக்கு அடியில. பத்துப் பங்கு வச்சேன்.

நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு வச்சுக்கிடுதேன். பதில் வார நேரம் ஆறு நிமிசம். நான் இங்கயே இருக்கேன்."

செய்தி கேட்கப்பட்டது: இல்லை.

18:56. பதில் அனுப்பப்படவில்லை. அனுப்பியவர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறார்.

19:02. இணைப்பு திறந்திருக்கிறது.

19:08. இணைப்பு திறந்திருக்கிறது.


பயண நாள் 64 | காலை 06:50 | தானியங்கிப் பதிவு

பதிவுப் பெட்டி மின்கலம்: 1%. இணைப்பு திறந்திருக்கிறது.